கென்யாவுக்குக் கண் சிகிச்சை ஊழியம் போகிறீர்களா? கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

கோபிசெட்டிபாளையத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் சபைக் குழுவோடு மேற்குக் கென்யாவில் உள்ள ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கண் சிகிச்சை ஊழியத்துக்குப் போய் வந்தேன். அங்கே வேலை செய்தது சுலபமாக இருந்தது. அங்கே போய்ச் சேரும் வரை காகிதங்களோடு பட்ட பாடுதான் பெரிது. ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். ஈரோடு, திருப்பூர், தாராபுரம், பொள்ளாச்சி பக்கத்துச் சபைகளிலிருந்து அடுத்துப் போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். டாக்டர் அல்லாத சாதாரணத் தன்னார்வலரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். டாக்டர், நர்ஸ்களுக்கு வேண்டியதையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

கிளம்பும் தேதிக்கு ஆறு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். மூன்று மாதத்தில் முடிக்கலாம் என்பவர்களிடம் ஏற்கெனவே பாஸ்போர்ட் இருக்கும்.

1. அங்குள்ள ஆஸ்பத்திரியின் கடிதம்

டிக்கெட், விசா, வசூல் எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது இது. நீங்கள் போகும் இடத்தில் வருடம் முழுக்க இயங்கும் ஒரு கண் ஆஸ்பத்திரி உங்களை அழைக்க வேண்டும். கென்யாவில் அப்படிப்பட்ட மிஷன் இடங்கள் உண்டு. நைரோபி பக்கத்தில் கிகுயு ஆஸ்பத்திரியின் கண் பிரிவு, பொமெட்டில் டென்வெக், மேற்கே விஹிகாவில் சபாட்டியா, மொம்பாசாவில் லைட்ஹவுஸ் ஃபார் கிரைஸ்ட் கண் மையம் ஆகியவை பல வருடங்களாகக் கண் சிகிச்சை செய்து வருகின்றன.

"ஒரு சபையில் ஹால் இருக்கிறது, அங்கே முகாம் போடலாம்" என்று யாராவது அழைத்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நாம் கிளம்பின பிறகு நோயாளியை யார் பார்ப்பார்கள்? கண்புரை ஆபரேஷன் செய்தவருக்கு மறுநாள் கட்டுப் பிரித்துப் பார்க்க வேண்டும், நாலு முதல் ஆறு வாரம் சொட்டு மருந்து போட வேண்டும், அந்த இடைவெளியில் கண் சிவந்து வலித்தால் ஓடிப் போக ஒரு இடம் வேண்டும். இதற்குப் பதில் இல்லாத அழைப்பை ஏற்காதீர்கள். எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும் சரி.

கடிதத்தில் இவை இருக்கட்டும்: உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, வேலை செய்யும் தேதிகள், என்ன வேலை, எங்கே தங்குகிறீர்கள், செலவு யாருடையது, ஆஸ்பத்திரியின் பொறுப்பாளர் கையெழுத்தும் முத்திரையும். இந்த ஒரு கடிதத்தை விமான நிலையத்திலும், கஸ்டம்ஸிலும், இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்பார்கள். நாலைந்து பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு உங்கள் ஆயரிடமிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம். குழந்தைகளோடு வேலை என்றால் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழும் கேட்பார்கள். அதைப் பாஸ்போர்ட் சேவா தளத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய்.

அரசு ஊழியர்களும் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் கவனியுங்கள். வெளிநாடு போக உங்கள் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அந்தக் கோப்பு மேஜை மேஜையாக நகர மாதக்கணக்கில் ஆகும். அழைப்புக் கடிதம் வந்த அன்றே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

2. பாஸ்போர்ட்டும் பெயரும்

கென்யா போய்ச் சேரும் தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும், வெற்றுப் பக்கங்களும் இருக்க வேண்டும். புதிதாக எடுப்பவர்களுக்கு 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கலில் போட்டால் இன்னும் 2,000. பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கையோடு கொண்டு போங்கள். அது இருந்தால் குடியேற்றச் சோதனை தேவையில்லாத பிரிவில் பாஸ்போர்ட் கிடைக்கும்.

நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது பெயரில்தான். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் இனிஷியலோடு ஒன்று என்று மூன்று பெயர் இருக்கும். சபையில் எல்லோரும் கூப்பிடும் பெயரை வைத்து அழைப்புக் கடிதம் வாங்கினால் அது பயன்படாது. பாஸ்போர்ட்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அதே பெயர் கடிதத்திலும் டிக்கெட்டிலும் தடுப்பூசி அட்டையிலும் வர வேண்டும்.

இன்னொன்று, குடும்பப் பெயர் என்ற கட்டம். நம் பக்கம் பலருடைய பாஸ்போர்ட்டில் அது காலியாக இருக்கும். டிக்கெட் போடும் தளம் காலியாக விடாது. ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் இதற்கு ஒரு வழக்கம் உண்டு, போனில் கேட்டுப் போடுங்கள். புதிதாக எடுப்பவர்கள் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுவது நல்லது. போகும் வழியில் துபாய், ஷார்ஜாவில் இறங்கி ஊர் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு அமீரகம் சுற்றுலா விசாவில் அனுமதி தருவதில்லை.

3. மஞ்சள் காய்ச்சல் ஊசி

இதில் ஒரு டிராவல்ஸ்காரர் எங்கள் குழுவை நன்றாகக் குழப்பினார். "கென்யாவுக்கு இந்தியாவிலிருந்து போகிறவங்களுக்கு அந்த ஊசி தேவையில்லைங்க" என்றார். அவர் சொன்னது பாதிதான் சரி. இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது என்பதால் உள்ளே நுழையும்போது கென்யா கேட்காது. ஆனால் இந்திய அரசின் பட்டியலில் கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. அங்கிருந்து கிளம்பி ஆறு நாட்களுக்குள் இந்தியாவில் இறங்குகிறவரிடம் சான்றிதழ் இல்லையென்றால், விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தும் இடத்துக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அதிகபட்சம் ஆறு நாள். ஆகவே ஊசி கட்டாயம் போட வேண்டும். உகாண்டா போகிறவர்களுக்கு உள்ளே நுழையவே அது வேண்டும்.

எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள். மத்திய சுகாதார அமைச்சகம் அங்கீகரித்த மையங்களில் போட்டால்தான் செல்லும். பட்டியல் அமைச்சகத் தளத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அதில் ஒன்று. முன்பதிவு செய்துகொண்டு, அசல் பாஸ்போர்ட்டோடு போக வேண்டும், ஏனென்றால் சான்றிதழாகத் தரும் மஞ்சள் அட்டையில் பாஸ்போர்ட் எண்ணை எழுதுவார்கள். அரசு மையத்தில் 300 ரூபாய் ஆகும். ஒரு குப்பி திறந்தால் பலருக்குப் போட வேண்டும் என்பதால் குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள். கோவையிலிருந்து ராத்திரி ரயில் ஏறி, சென்னை போன பிறகு "இன்னிக்கு ஊசி இல்லை" என்று கேட்டுத் திரும்பாதீர்கள்.

சான்றிதழ் ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லுபடியாகும். அதற்குப் பிறகு ஆயுளுக்கும் போதும். பழைய அட்டையில் பத்து வருடம் என்று அச்சாகியிருந்தாலும் 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லும். முட்டை அலர்ஜி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், அறுபது வயது தாண்டி முதல் தடவை போடுகிறவர்கள் முதலில் டாக்டரைக் கேட்டாக வேண்டும். எங்கள் சபைகளில் இப்படிப்பட்ட ஊழியத்துக்கு முன்வருகிறவர்களில் ஓய்வு பெற்றவர்கள் அதிகம். அவர்களைக் குழுவில் சேர்க்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

4. மலேரியா

நைரோபி கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,800 மீட்டர் மேலே இருக்கிறது. கிட்டத்தட்ட நம் குன்னூர் உயரம், குளிரும் அப்படித்தான். அங்கே மலேரியா குறைவு. விக்டோரியா ஏரிப் பக்கமும் கடற்கரைப் பக்கமும் நிலைமை வேறு. உயிரைப் பறிக்கும் ஃபால்சிபாரம் வகை அங்கே அதிகம். தடுப்பு மாத்திரையை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். டாக்சிசைக்ளின் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, தினமும் ஒன்று, திரும்பி வந்த பிறகும் நாலு வாரம் சாப்பிட வேண்டும். வந்த பிறகு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். சாப்பாட்டோடு, நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள். வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கறுக்கும், தொப்பி வேண்டும். கொசு கடிக்காமல் இருக்க மேலே பூசும் களிம்பும் கொண்டு போங்கள்.

5. கென்யாவுக்குள் நுழைய அனுமதி

2024 ஜனவரியிலிருந்து கென்யா விசா முறையை எடுத்துவிட்டு இ.டி.ஏ. என்ற இணைய அனுமதியை வைத்திருக்கிறது. 30 டாலரும் கார்டு கட்டணமும் ஆகும். பாஸ்போர்ட் ஸ்கேன், போட்டோ, போகவர டிக்கெட், தங்குமிட விவரம் கேட்பார்கள். சில நாட்களில் வந்துவிடும். தேடுபொறியில் முதலில் வருபவை பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள். அரசின் தளம் போலவே இருக்கும், பணம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு வாங்கும். தள முகவரியின் கடைசியில் கென்ய அரசின் அடையாளமான .go.ke இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கார்டு எண்ணைக் கொடுங்கள்.

இ.டி.ஏ. வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. சம்பளம் வாங்காமல் செய்தாலும் அது வேலைதான். குறுகிய காலத்துக்கு ஸ்பெஷல் பாஸ் என்று ஒன்று உண்டு. அதற்கு அங்குள்ள ஆஸ்பத்திரிதான் குடியேற்றத் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். "சுற்றுலா என்று சொல்லி வந்துவிடுங்கள்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இறைப்பணிக்குப் போகிற நாம் குடியேற்றக் கவுண்டரில் பொய் சொல்லி நுழைவது சரியில்லை. மாட்டினால் திருப்பி அனுப்புவார்கள், அழைத்த ஆஸ்பத்திரிக்கும் கெட்ட பெயர்.

டாக்டர்களுக்கு இன்னொரு படி. கென்யாவின் மருத்துவர், பல் மருத்துவர் கவுன்சிலில் தற்காலிக லைசென்ஸ் வாங்காமல் ஒரு நோயாளியையும் தொடக் கூடாது. பட்டச் சான்று, பதிவுச் சான்று, புகார் எதுவும் இல்லை என்று நம் மருத்துவக் கவுன்சில் தரும் நன்னிலைச் சான்று எல்லாம் கேட்பார்கள். நன்னிலைச் சான்று வாங்கவே வாரக்கணக்கில் ஆகலாம். நர்ஸ்களுக்குத் தனிக் கவுன்சில்.

6. பணம்

இரண்டு வாரப் பயணத்துக்கு எங்களுக்கு ஆளுக்கு ஒரு லட்சத்தை ஒட்டி ஆனது. இதில் பாதிக்கு மேல் விமானக் கட்டணம்தான். மற்றது தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர் வண்டி, இன்சூரன்ஸ், அனுமதிக் கட்டணம். ஆஸ்பத்திரி விருந்தினர் இல்லத்தில் இடம் கொடுத்தாலும் அதற்குரிய பணத்தைக் கட்டுங்கள். அவர்களும் கஷ்டத்தில் நடத்துகிறவர்கள்தான்.

அறுப்பின் பண்டிகை விற்பனையில் சேர்த்த பணத்தையோ சபை அறக்கட்டளைக் கணக்கையோ இதற்கு எடுக்கும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை தன் பணத்தை நாட்டுக்கு வெளியே செலவு செய்தால், முன் அனுமதி இல்லாத பட்சத்தில் அந்தத் தொகைக்கு விலக்கு போய்விடும். போகிறவர்கள் தங்கள் சொந்தக் கணக்கிலிருந்து கட்டிக்கொள்வதும், உதவ விரும்புகிறவர்கள் அவர்களிடம் நேரடியாகக் கொடுப்பதும் சிக்கலில்லாத வழி. அதேபோல, வெளிநாட்டு அமைப்பு ஒன்று செலவை ஏற்கிறேன் என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவில்லாத சபைக் கணக்கில் அதை வாங்கவே கூடாது. பிறகு சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டி முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

டாலர் நோட்டு வாங்கும்போது அச்சான வருடத்தைப் பாருங்கள். 2006க்கு முந்தைய நோட்டுகளைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் வாங்குவதில்லை. பேனாக் கீறல், கிழிசல், மடிப்பு உள்ளதையும் தள்ளிவிடுவார்கள். மாற்றுக் கடையில் ஒவ்வொரு நோட்டாகப் பார்த்து வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம். அங்கே அன்றாடச் செலவெல்லாம் எம்-பெசா என்ற மொபைல் பணத்தில்தான் ஓடுகிறது. குழுவில் ஒருவர் உள்ளூர் சிம் வாங்கிப் பதிவு செய்துகொண்டால் போதும்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது இரண்டு வரியைத் தேடுங்கள்: அவசரத்தில் விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோகும் செலவு அடங்குமா, தன்னார்வ மருத்துவப் பணியில் நேர்ந்தது அடங்குமா. இரண்டும் இல்லாத மலிவுப் பாலிசி வேண்டாம்.

7. டிக்கெட்

மார்ச் முதல் மே வரை பெருமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிறுமழை. மழையில் கிராமத்துச் செம்மண் பாதைகளில் வண்டி போகாது, நோயாளிகளும் வர முடியாது. ஜனவரி, பிப்ரவரி, அல்லது ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்லது.

கோவையிலிருந்து ஷார்ஜா வழியாகப் போகலாம். கொச்சியிலிருந்து வளைகுடா வழியாகவும், மும்பையிலிருந்து நேராகவும் விமானம் உண்டு. கட்டணத்தை மட்டும் பார்க்காமல் சாமான் எடையையும் பாருங்கள். சில விமானங்களில் 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி இலவசம். சிக்கன விமானத்தில் அதற்குத் தனியாகக் கட்டினால், சேமித்த பணம் அதிலேயே போய்விடும். கண்ணாடிப் பெட்டிகளோடு போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அவசியம்.

8. என்ன கொண்டு போவது

என் தொழில் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சபையில் அறிவிப்புக் கொடுத்ததும் வீட்டில் கிடக்கும் பழைய கண்ணாடிகளை எல்லோரும் கொண்டுவந்து குவிப்பார்கள். அன்பாகத்தான் தருகிறார்கள். ஆனாலும் வாங்காதீர்கள். ஒவ்வொன்றின் பவரையும் அளந்து எழுத வேண்டும், பாதியில் கீறல் இருக்கும், இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு பவர் இருக்கும், பவர் வைத்த கோணமும் (அச்சு) ஆளுக்கு ஆள் மாறும். இன்னொருவர் கண்ணுக்கு அது அப்படியே பொருந்துவது அபூர்வம். புதிய ரெடிமேட் படிப்புக் கண்ணாடியே மொத்த விலையில் வாங்கினால் இதைவிடக் குறைந்த செலவில் முடியும்.

படிப்புக் கண்ணாடி +1.00 முதல் +3.00 வரை வேண்டும். நாற்பது வயதில் +1.00, நாற்பத்தைந்தில் +1.50, ஐம்பதில் +2.00, அதற்கு மேல் +2.50 என்பது தோராயக் கணக்கு. தூரப்பார்வை நன்றாக உள்ளவருக்கு மட்டும்தான் இது பொருந்தும். +1.50 முதல் +2.50 வரைதான் சீக்கிரம் தீரும், அதில் அதிகம் எடுங்கள். எத்தனை வேண்டும், எந்த ஃபிரேம் அங்கே விரும்புகிறார்கள் என்று ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பிரிவைக் கேட்டே வாங்குங்கள். பக்கத்திலேயே கடை வைத்துப் பிழைக்கும் ஒருவர் இருப்பார், நாம் இலவசமாக இறைத்துவிட்டு வந்தால் அவர் கடையை மூடுவார். அடுத்த வருடம் அந்த ஊருக்குக் கண்ணாடி கிடைக்காது. பல இடங்களில் சிறு விலைக்கு ஆஸ்பத்திரி மூலமாகவே கொடுக்கச் சொல்வார்கள், அதுவே நல்ல ஏற்பாடு.

மருந்தை நீங்களாக எடுத்துப் போகாதீர்கள். கென்யாவில் மருந்து இறக்குமதிக்கு ஃபார்மசி அண்ட் பாய்சன்ஸ் போர்டின் அனுமதி வேண்டும். ஆஸ்பத்திரி கேட்டு, அனுமதியும் வாங்கித் தந்தால் மட்டும், காலாவதியாக ஒரு வருடத்துக்கு மேல் உள்ளதாகப் பார்த்துக் கொண்டு போங்கள். ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ், தையல் நூல் போன்றவையும் அப்படித்தான்.

எல்லாப் பொருளுக்கும் ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள்: பெயர், எண்ணிக்கை, மதிப்பு, விற்பனைக்கு அல்ல என்ற ஒரு வரி. ஆஸ்பத்திரியின் கடிதத்தோடு சேர்த்துப் பெட்டிக்குள் ஒன்று, கையில் ஒன்று. ரெடினோஸ்கோப், ஆப்தல்மோஸ்கோப் போன்ற விலை உயர்ந்த கண் பரிசோதனைக் கருவிகளைத் திருப்பிக் கொண்டுவரப் போகிறீர்கள் என்றால், கிளம்பும் விமான நிலையத்தின் கஸ்டம்ஸில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் திரும்பும்போது இறக்குமதி வரி கேட்பார்கள். இதற்காகவே ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். லித்தியம் பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் கைப்பெட்டியில்தான் இருக்க வேண்டும்.

கென்யாவில் பிளாஸ்டிக் கேரி பேக் 2017 ஆகஸ்டிலிருந்து தடை. முறுக்கு, இட்லிப் பொடி எல்லாவற்றையும் கேரி பேக்கில் சுற்றும் நம் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, துணிப்பையோ டப்பாவோ எடுங்கள். மின்செருகி பெரிய சதுர மூன்று முனை, அடாப்டர் வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்களுக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

9. போகும் முன் பழக வேண்டியது

நம் ஊரில் ஒரு முகாமிலும் நிற்காதவர் நேராகக் கென்யா போகக் கூடாது. கோவையில் அரவிந்த், சங்கரா இரண்டும் கிராமம் கிராமமாக முகாம் நடத்துகின்றன. உங்கள் ஊருக்கு முகாம் வரும்போது முன்கூட்டியே கேட்டுப் பதிவு மேஜையிலோ வரிசை ஒழுங்கிலோ நில்லுங்கள். ஆறு மீட்டரை நாடாவால் அளந்து சார்ட் மாட்டுவது, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடச் சொல்வது, படிக்கத் தெரியாதவருக்கு நாலு திசையில் திரும்பும் ஈ சார்ட்டைப் புரியவைப்பது, பின்ஹோல் என்ற சிறு துளை அட்டை வழியாகப் பார்க்கச் சொல்வது ஆகியவை வந்துவிட்டால் நீங்கள் அங்கே பயன்படுவீர்கள்.

கொஞ்சம் ஸ்வாஹிலியும் வேண்டும். மேலே என்றால் ஜூ, கீழே ச்சீனி, வலது குலியா, இடது குஷோட்டோ. ஈ சார்ட்டுக்கு இந்த நாலும் போதும். "உனாஓனா?" என்றால் தெரிகிறதா என்று கேட்பது. "ஃபுங்குவா மாச்சோ" என்றால் கண்ணைத் திறங்கள். "அசாந்தே" நன்றி. பெரியவர்களை முதலில் வணங்கி நலம் விசாரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அவசரமாக நேரே சார்ட்டைக் காட்டினால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். நம் ஊர்ப் பெரியவர்களும் அப்படித்தானே.

10. அங்கே இருக்கும்போது

ஊரில் உங்களுக்கு அனுமதியில்லாத எதையும் அங்கே செய்யாதீர்கள். நான் கண்ணாடிக்காரன், கண்ணாடியோடு நின்றேன். பாவையை விரிக்கும் சொட்டு மருந்தை ஒரு தன்னார்வலர் "நானே போட்டுவிடுகிறேன்" என்று எடுக்கக் கூடாது. சிலருக்கு அது கண் அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் அப்படியே, சிவந்த கண் எல்லாவற்றுக்கும் அது மருந்தாகாது. இமை மயிர் உள்நோக்கி வளைந்து கண்ணைக் கீறுவதைப் பார்த்தால் உடனே கண் டாக்டரிடம் அனுப்புங்கள். இமையை இப்படி வளைத்துவிடும் டிரகோமா என்ற கண் தொற்றுநோய் அங்கே சில மாவட்டங்களில் இன்னும் இருக்கிறது. நம் ஊரில் அதைப் பார்த்துப் பழக்கமில்லாததால் சாதாரண உறுத்தல் என்று விட்டுவிடத் தோன்றும்.

ஜெபம் விஷயத்தில் என் கருத்தைத் தெளிவாகவே சொல்கிறேன். சிகிச்சை வரிசையில் துண்டுப் பிரசுரம் கொடுக்காதீர்கள். இதைக் கேட்டால்தான் மருந்து கிடைக்கும் என்று ஒருவர் நினைத்துவிட்டாலே நாம் செய்கிற வேலை கெட்டுவிடும். வரிசையில் முஸ்லிம்களும் நிற்பார்கள். கேட்டால் ஜெபிக்கலாம், அங்குள்ள சாப்ளினே (ஆஸ்பத்திரிப் போதகர்) அதைப் பார்த்துக்கொள்வார். நோயாளியைப் படம் எடுப்பதும் சம்மதம் கேட்டுத்தான். கட்டுப் பிரிக்கும் நேரத்தில் போனை நீட்டாதீர்கள்.

11. திரும்பி வந்த பிறகு

மஞ்சள் அட்டை கைப்பையில் இருக்கட்டும், இறங்கியதும் கேட்பார்கள். செலவுக் கணக்கை ரசீதோடு ஒரு மாதத்துக்குள் கமிட்டியில் வையுங்கள். பொதுப்பணம் எடுக்காவிட்டாலும் கொடுத்தவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். பேக்கேஜாக டிக்கெட் எடுத்திருந்தால் டி.சி.எஸ். என்று ஒரு வரியை முன்கூட்டியே பிடித்திருப்பார்கள், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைத் திரும்பப் பெறலாம்.

டாக்சிசைக்ளின் மாத்திரையை நாலு வாரமும் முடியுங்கள். வந்த சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், அது எவ்வளவு லேசாக இருந்தாலும், டாக்டரிடம் முதல் வார்த்தையாக "ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்று சொல்லி, அன்றைக்கே மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். நம் பக்கம் காய்ச்சல் என்றால் டெங்கு, டைபாய்டு என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஃபால்சிபாரம் ஓரிரு நாளில் முற்றிவிடும். மெடிக்கலில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள்.